ஒற்றைப் படமா, படத்தொடரா?

ஈரோட்டுப் பக்கம் ஆங்கிலம் எழுதப் பழகும் பிள்ளைகளிடம் மஞ்சள் மண்டிப் படம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். சாக்கு, தராசு, சுமை தூக்குபவர் என்று கண்ணில் படுவதற்கெல்லாம் கோடு இழுத்துப் பெயர் எழுதுவார்கள். அப்புறம் சொற்களை வகை பிரித்து வாக்கியமாக்கி, பத்தியாக்கலாம். அமெரிக்கக் கல்வியாளர் எமிலி கால்ஹவுன் 1999இல் விளக்கிய முறை இதுதான். சொல்வளம் கூடும். ஆனால் 'தேர் இஸ் எ சேக், தேர் இஸ் எ மேன்' என்று எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கும்.

சொல்லே தெரியாத புதுப் பிள்ளைக்கு அது சரி. மற்றவர்களுக்கு என் ஓட்டு படத்தொடருக்கே. மஞ்சளை வேகவைப்பது, காயவைப்பது, மெருகேற்றுவது, ஏலம்: நான்கு படம் போதும். 'ஃபர்ஸ்ட்', 'தென்' தானாக வந்து ஒட்டும். 'இஸ் பாயில்ட்' என்ற செயப்பாட்டு வினைக்கும் வேலை வரும். கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னால், பேனாவை எடுக்கும் முன்பே வாய்ச்சண்டை (தமிழில்தான்) தொடங்கிவிடும்.