ஃபெர்மி டேட்டாவும் ஜிடிஎல்டிகியூபும்: நான்கு வருடப் பாவனைக்குப் பிறகு

பக்கத்து வீட்டுத் தம்பி உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு வந்து, "அண்ணா, நீங்கள் பார்க்கிற அந்த ஃபெர்மி டேட்டாவை நானும் இறக்கட்டுமா, 8 ஜிபி ராம் காணுமா?" என்று கேட்டான். ஃபெர்மி என்பது நாசாவின் காமாக் கதிர் விண்வெளித் தொலைநோக்கி. கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்றுதான் என் லப்டொப் ஹார்ட் டிஸ்க் மாற்றி, வெறும் பெட்டியாகத் திருத்துமிடத்திலிருந்து வந்திருந்தது.

ராம் காணும். அந்த டேட்டாவை அலசும் மென்பொருளான ஃபெர்மிடூல்ஸை, கோண்டா என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவுவதும் லேசு, டேட்டா முழுக்க இலவசம். என் கோபமெல்லாம் அதிலுள்ள ஜிடிஎல்டிகியூப் என்ற ஒரே படியின் மேல்தான்.

ஃபெர்மி, கமரா போலப் படம் பிடிப்பதில்லை. ஒவ்வொரு காமா ஃபோட்டானும் எப்போது, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று ஒரு வரி பதிவாகும், அவ்வளவுதான். அவற்றை எண்ணிப் படம் போடுவது சில நிமிட வேலை. ஆனால் ஓரிடம் பளிச்சென்று தெரிந்தால், அது உண்மையிலேயே பளிச்சென்று இருப்பதாலா, இல்லை தொலைநோக்கி அந்தப் பக்கம் கூட நேரம் பார்த்ததாலா என்று தெரிய வேண்டுமே. அதற்கு, வானத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கருவி எந்தச் சாய்வில் எத்தனை செக்கன் பார்த்தது என்று கணக்கிட வேண்டும். ஜிடிஎல்டிகியூப் செய்வது அதைத்தான். 2008 முதல் ஏறக்குறைய 96 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியபடி முழு வானத்தையும் துழாவுகிற கருவிக்கு இந்தக் கணக்கைப் போட என் பழைய லப்டொப்புக்கு விடிந்துவிடும். பூமியின் விளிம்பிலிருந்து வரும் காமாவை விலக்கும் உச்சிக்கோண எல்லையை 90 பாகையிலிருந்து 100 ஆக்கினால், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பற்றரியும் செத்த லப்டொப். போன மாரியில் உப்புவெளியில் மூன்று இரவு கரண்ட் போய், மூன்று முறையும் முழுக் கணக்கும் அழிந்தது.

அப்புறம்தான் ஜிடிஎல்டிசம் கண்ணில் பட்டது. வருடம் வருடமாகப் பிரித்து ஓட்டிவிட்டு, விடைகளை இதால் கூட்டிக்கொள்ளலாம். இவ்வளவு நல்ல விஷயத்தைப் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே சொல்ல வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பங்குனி இரவில் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், வேலா துடிமீன் (பல்சார், வேகமாகச் சுழலும் இறந்த நட்சத்திரம்) இருக்கிற இடத்தில் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. நான் போட்ட முதல் படத்தில் அந்த இடம்தான் தீப்பந்தம் போல எரிந்தது. செக்கனுக்கு 11 தடவை சுழலும் அந்தச் சின்னப் பொருளைப் பார்த்தபடி அன்றிரவு சாப்பிடவும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

இருந்தும் தம்பிக்கு "இப்போது வேண்டாம்" என்றுதான் சொன்னேன். கூட்டி வைத்திருந்த ஆறு வருடக் கோப்புகளும் பழைய டிஸ்க்கோடு போய்விட்டன, வேறு பதில் என் வாயில் வரவில்லை. கேளாமல் தொடங்குவதென்றால், தம்பி, ஒவ்வொரு வருடக் கோப்பையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வை. இங்கே 2008ஆம் வருட டேட்டாவின் கணக்கு முடிந்து 2009இன் கணக்கு மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே மழை கறுத்து நிற்கிறது.