பழைய மினி கொம்போவை ரிப்பேருக்குக் குடுக்கிறவங்க பாருங்க: எங்க செட்டுல ஃபியூஸ் மேல கம்பியச் சுத்தி அனுப்பிட்டாங்க

பெஸ்தாரி ஜெயா, அதான் நம்ம பழைய பத்தாங் பெர்ஜுந்தை, அதுல இருக்கிறவங்களும் சுத்தி இருக்கிற தோட்டத்து ஆளுங்களும் வீட்டுல பழைய ஹைஃபை செட்டு, அதான் ரேடியோ, கேசட், சிடி எல்லாம் சேந்த மினி கொம்போ, வச்சிருந்தா இதக் கொஞ்சம் பொறுமையா படிங்க. நீளமாத்தான் இருக்கும், ஆனா சுருக்கிச் சொன்னா எங்க ஆபத்துங்கறது புரியாமப் போயிடும். கடை பேரை நான் போடல, கேஸ் எழுதிக் குடுத்திருக்கேன், அதனால இங்க வேணாம். எனக்குக் காசு போனதவிட, ராத்திரி வீடு எரிஞ்சிருக்கும்ங்கறதுதான் இன்னும் மனசுல ஓடிக்கிட்டு இருக்கு.

அப்பா 96-ல வாங்குன செட்டு. மூணு சிடி போடலாம், ரெண்டு கேசட் போடலாம், முன்னாடி மைக் குத்தற ஓட்டை ரெண்டு இருக்கும், அந்தக் காலத்துல கரவோக்கேக்காக எல்லா செட்டுலயும் வரும் பாருங்க அந்த மாதிரி. மாசம் 60 வெள்ளி கட்டி வாங்குனாரு. அப்ப அவர் கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல, பால் வெட்டிக்கிட்டு இருந்தாரு, அப்புறம் மரத்த எல்லாம் சாய்ச்சு செம்பனை போட்டதும் குலை வெட்டப் போனாரு. இப்ப 74 வயசு, தாமான் வீட்டுல என்கூட இருக்காரு, காலையில பசியாற உக்காரும்போது அந்த செட்டுல மின்னல் எஃப்எம் ஓடணும், அவர் வாய்ல இன்னும் அது 'ரேடியோ ஆறு'தான். என் மூத்தவன் 98-ல பொறந்தப்போ எங்கம்மா அவனுக்குப் பாடுன தாலாட்ட அப்பா அந்த மைக்க வச்சே கேசட்டுல புடிச்சு வச்சிருந்தாரு. அம்மா போயி பதினோரு வருஷம் ஆச்சு. அவங்க குரல் இருக்கிற ஒரே பொருள் அந்தக் கேசட்.

போன வருஷக் கடைசியில சிடி போட்டா 'நோ டிஸ்க்'னு காட்ட ஆரம்பிச்சுது, கேசட்டு பக்கம் சத்தம் இழுத்து இழுத்து வந்துது, அப்புறம் சுத்தவே இல்ல. ரேடியோ மட்டும் நல்லாப் பாடுது. இத நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, ரேடியோ நல்லாப் பாடிக்கிட்டு இருந்த செட்டுதான் நான் தூக்கிட்டுப் போனது.

பக்கத்து டவுன்ல மெயின் சடக்குல ஒரு எலக்ட்ரிக் கடை. போர்டுல எல்லாம் ரிப்பேர்னு போட்டிருந்துச்சு. கவுண்டர்ல இருந்த தம்பி நல்லாத்தான் பேசுனாரு, "வச்சிட்டுப் போங்கக்கா, ஒரு வாரம்"னாரு. நான் "இங்கயே தொறந்து பாத்து என்ன போயிருக்குனு சொல்லுங்க தம்பி"ன்னு கேட்டேன், "தவுக்கே (மொதலாளி) பின்னாடிதான் செய்வாரு, ஆளுங்க நின்னா அவருக்குப் புடிக்காது"ன்னு சொன்னாரு. அங்கயே நான் திரும்பியிருக்கணும். 80 வெள்ளி முன்பணம், ரிசிட் கேட்டதுக்கு காலண்டர் தாள் ஒண்ணக் கிழிச்சு பின்பக்கம் 'ரேடியோ 80' அப்டின்னு எழுதிக் குடுத்தாரு. கடை சாப் (முத்திரை) கூட இல்ல.

ஒரு வாரம் ஏழு வாரமாச்சு. நடுவுல வாட்ஸ்அப்ல "போர்டு போயிருச்சு, 150", அப்புறம் "சிடி லென்ஸ் புதுசு போடணும், 120", அப்புறம் "பெல்ட்டும் சேர்த்து மொத்தம் 340 ஆவுது"ன்னு ஒண்ணொண்ணா வந்துது. போர்டு எப்பிடிப் போச்சு, குடுக்கும்போது ரேடியோ பாடுச்சேன்னு கேட்டேன். "பழைய செட்டுக்கா, அப்டித்தான்" அவ்ளோதான் பதில். அப்பா தினமும் காலையில அந்த மூலையப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம டீயக் குடிப்பாரு, அதப் பாக்க முடியாம நான் கட்டிட்டேன். மிச்சம் 260 வெள்ளி.

வீட்டுக்குக் கொண்டாந்து குத்துனோம். பாட்டு வந்துச்சு, ஆனா அடியில 'ம்ம்ம்'முன்னு ஒரு இரைச்சல், வால்யூம கொறச்சாலும் அது கொறையல. அப்பா மொதல்ல எடுத்தது அம்மா கேசட்டு. ரெண்டு நிமிஷம் ஓடுச்சு, சத்தம் நீந்துற மாதிரி ஏறி எறங்குச்சு, அப்புறம் கிரிச்சுனு நின்னுது. கதவத் தொறந்தா நாடா வெளியில வந்து அந்தச் சின்ன ரப்பர் உருளையில சுத்திக்கிட்டு நிக்குது. அப்பா கை நடுங்க அத எடுத்தாரு. நான் அதப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே செட்டு மேல இருக்கிற காத்து ஓட்டையில இருந்து ஒரு வாசம், சூடான வார்னிஷ் வாசம். மேல கைய வச்சா இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கு. பட்டுனு சுவிட்ச அமுக்கி பிளக்கப் புடுங்குனேன். எல்லாம் சேந்து பத்து நிமிஷம்கூட இருக்காது. அத ஓட விட்டுட்டு நாங்க பாசார் மாலாம் போயிருந்தா என்னாயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க, செட்டுக்குப் பின்னாடிதான் திரைச்சீலை.

கடைக்காரரு என்ன சொன்னாருனா "எங்ககிட்ட இருக்கும்போது ஓடுச்சு, உங்க வீட்டு கரண்டு சரியில்ல".

எங்க வரிசையிலயே ஒரு மாமா இருக்காரு, செம்பனை எண்ணெய் ஆலையில வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவர்கிட்ட மொதல்ல போயிருக்கலாம், கண்ணு சரியா தெரியலன்னு இப்பல்லாம் அவர் யார் பொருளையும் எடுக்கறதில்ல, அதனாலதான் கேக்கல. விஷயத்தச் சொன்னதும் "கொண்டாம்மா, பையன டார்ச் புடிக்கச் சொல்லு, பாப்போம்"னாரு. எங்க கண்ணு முன்னாடி, திண்ணையிலயே தொறந்தாரு.

மூடி கழட்டும்போதே ஆணி எண்ணச் சொன்னாரு. ஒம்பது ஓட்டை, அஞ்சு ஆணிதான் இருக்கு. பிளக்கு புடுங்கி ரெண்டு மணி நேரம் ஆயிருந்துச்சு, ஆனாலும் உள்ள கைய வைக்கல, மீட்டர வச்சு அந்த ரெண்டு பெரிய கப்பாசிட்டர (4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட்டுனு போட்டிருந்துச்சு) பாத்துட்டு, அதுல மிச்சம் இருந்தத ஒரு ரெசிஸ்டர் வச்சு எறக்கிட்டு, திரும்ப மீட்டர்ல பாத்துட்டுதான் தொட்டாரு. பிளக்கப் புடுங்கிட்டா செத்துப்போச்சுனு நெனக்காதீங்க, கப்பாசிட்டர் உள்ள சேத்து வச்சிருக்கும். சில பேரு ஸ்க்ரூடிரைவர வச்சு ரெண்டு காலையும் சேத்து டப்புனு அடிப்பாங்க, அதையும் செய்யக் கூடாதாம், பொறி பறக்கும், பக்கத்துல இருக்கிற ஐசியும் (சின்னச் சில்லு) சேந்து போகும்.

அப்புறம் ஒரு எடத்துல டார்ச்ச நிறுத்தச் சொல்லிட்டு "இங்க வந்து பாரும்மா"ன்னாரு. ஒரு சின்ன கண்ணாடி ஃபியூஸ், சுண்டு விரல்ல பாதி நீளம். அதோட ரெண்டு பித்தளை மூடிக்கும் நடுவுல, கண்ணாடிக்கு மேல, மயிர் மாதிரி செம்புக் கம்பி மூணு இழையச் சேத்து முறுக்கி ஈயம் வச்சு ஒட்டியிருக்கு. கண்ணாடிக்குள்ள பாத்தா கருப்பா பொகை புடிச்சிருக்கு. அப்டின்னா அந்த ஃபியூஸ் எரிஞ்சிருக்கு, ஏன் எரிஞ்சுதுனு பாக்காம மேல கம்பியப் போட்டு ஓட வச்சிருக்காங்க. அது 2 ஆம்பியர் ஃபியூஸ். பக்கத்துலயே போர்டுல டி 2 ஏ 250 வின்னு அச்சடிச்சிருக்கு, அந்த 'டி' மெதுவா எரியற வகைனு அர்த்தமாம், போட்டா அதே வகை அதே ஆம்பியர்தான் போடணும். கடையில வாங்குனா 50 காசு.

எனக்கு ஒரு சந்தேகம், நம்ம வீட்டு மெயின் பெட்டியிலதான் ஈஎல்சிபி, அதான் கரண்டு ஒழுகுனா தானா விழுற சுவிட்சு, இருக்கே, பிளக்குலயும் ஃபியூஸ் இருக்கே, அது விழாதானு. மாமா சொன்னத அப்டியே சொல்றேன், எல்லாரும் இதத் தெரிஞ்சுக்கணும். ஈஎல்சிபி கரண்டு எர்த்துக்கு ஒழுகுனாத்தான் விழும், செட்டுக்குள்ளயே ட்ரான்ஸ்ஃபார்மர் வெந்துக்கிட்டு இருந்தா அதுக்குத் தெரியாது. பிளக்குல இருந்தது 13 ஆம்பியர், இந்தச் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் கருகித் தீப்புடிக்கிற வரைக்கும்கூட அவ்ளோ கரண்டு இழுக்காது. அதனால உள்ள இருக்கிற அந்த 2 ஆம்பியர்தான் காவல். அந்தக் காவலத்தான் எடுத்துட்டாங்க.

ஏன் எரிஞ்சுதுங்கறதையும் கண்டுபுடிச்சாரு. ஒரு மரப்பலகையில பல்பு ஹோல்டர் வச்சு ஒரு சாமான் செஞ்சு வச்சிருக்காரு, 60 வாட் பழைய குண்டு பல்பு, கரண்டு அந்த பல்பு வழியாத்தான் செட்டுக்குப் போகும். புது ஃபியூஸ் போட்டு அதுல குத்துனதும் பல்பு பளிச்சுனு முழுசா எரிஞ்சுது. "பாத்தியா, உள்ள ஷார்ட்டு"ன்னாரு. மீட்டர வச்சுத் தேடுனதுல நாலு டயோடுல (கரண்ட ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய சாமான்) ஒண்ணு ரெண்டு பக்கமும் விடுது. இரைச்சல் வந்தது, சூடானது, எல்லாத்துக்கும் அதான் காரணம். மூணு ஆம்பியர் டயோடு, ஒண்ணு போனா நாலையும் மாத்திடணும்னு மாத்துனாரு, நாலும் சேத்து ரெண்டு வெள்ளி ஆவல. திரும்பக் குத்துனப்போ பல்பு ஒரு தடவ கண்ணச் சிமிட்டிட்டு மங்கிப் போச்சு. இரைச்சலே இல்ல. 150 வெள்ளி 'போர்டு' எங்கனு பாத்தோம், எந்தப் போர்டும் மாத்தல, எல்லாம் ஒரே தூசி.

லென்ஸ் கதையும் அதான். சிடி பக்கம் அந்தக் கண்ணு இருக்கிற பாகத்தப் புடிச்சிருக்கிற திருகு மேல ஃபேக்டரியில வச்ச பச்சை பெயின்ட் பொட்டு ஒடையாம இருக்கு. மாத்தியிருந்தா அது ஒடைஞ்சிருக்கணும் இல்ல? பஞ்சுக் குச்சியில கொஞ்சம் ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாம, அந்த லென்ஸ மெதுவா தொடச்சாரு, பஞ்சுல மஞ்சளா அழுக்கு வந்துது. மூணு சிடியும் படிச்சுது. இதுல ஒரு விஷயம், கரண்டு இருக்கும்போது அந்த லென்ஸுக்குள்ள கண்ண வச்சுப் பாக்காதீங்க, சிடி லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், எரியலனு நெனச்சுக் குனிஞ்சு பாப்போம், கண்ணு போயிடும். பசங்களுக்கும் சொல்லி வைங்க.

கேசட்டு பக்கம் தொறந்தப்போதான் அப்பா எந்திரிச்சு வந்தாரு. பழைய பெல்ட்டு உருகி தார் மாதிரி ஒட்டியிருந்தத அரைகொறையா தொடச்சுட்டு, அதுக்குப் பதிலா சாதாரண ரப்பர் பேண்டு போட்டிருக்காங்க, கடையில மிளகாத்தூள் பொட்டலத்துக்குப் போடுவாங்களே அது. அப்பா அத எடுத்து ரெண்டு விரல்ல இழுத்துப் பாத்தாரு. 31 வருஷம் கித்தாப் பாலோட இருந்த கை. "இது எப்பிடிம்மா ஒரே மாதிரி சுத்தும்"னு மட்டும் கேட்டாரு. பெல்ட்டு வழுக்குனா நாடாவ உள்ள இழுத்துக்கிற சக்கரம் நிக்கும், ஆனா உருளை தள்ளிக்கிட்டே இருக்கும், வெளிய வந்த நாடா உருளையில சுத்திக்கும். எங்கம்மா கேசட்டுக்கு ஆனது அதான். சரியான பெல்ட்டு செட்டு இணையத்துல 12 வெள்ளிக்கு வந்துது, ஒரு வாரத்துல.

நான் இப்ப யார் கேட்டாலும் சொல்றது, மொதல்ல செட்டத் தூக்கும் முன்னாடியே எது ஓடுது எது ஓடலனு ஃபோன்ல வீடியோ எடுத்துக்குங்க, பின்பக்கம் சீரியல் நம்பரோட. கவுண்டர்லயே தொறக்க மாட்டேன்னா வேற கடை பாருங்க. எவ்வளவு ஆகும்னு எழுதி வாங்குங்க, கடை சாப்போட. மாத்துன பழைய சாமான பையில போட்டுத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க, நெசமா மாத்துனவங்க குடுக்க ஏன் யோசிக்கணும்? கேசட்டோ சிடியோ செட்டுக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. வாங்கி வந்தா மொத நாளு பக்கத்துலயே உக்காந்து ஒரு மணி நேரம் ஓட்டுங்க, கைய வச்சு சூடு பாருங்க, இரைச்சலோ வாசமோ வந்தா உடனே புடுங்கிடுங்க. அப்புறம் இடி மின்னல் நேரம் பிளக்கு மட்டும் இல்ல, வெளிய இழுத்த ஏரியல் வயரையும் கழட்டுங்க, இது நம்ம ஊருக்குக் கட்டாயம். நீங்களா தொறக்கணும்னா மீட்டர் புடிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இல்லாம தொறக்காதீங்க, தூசி தட்டறதா இருந்தாலும் சரி.

காசப் பத்தி. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ரிப்பேர் வேலைக்கும் சேரும், கவனத்தோட தெறமையோட செய்யணும், நியாயமான வெலை வாங்கணும்னு அதுல இருக்கு. பயனீட்டாளர் நடுவர் மன்றம்னு இருக்கு, மலாய்ல திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா, போராங் 1 (பாரம்) நெரப்பி 5 வெள்ளி கட்டுனாப் போதும், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் கிடையாது, மூணு வருஷத்துக்குள்ள போடணும். என் மகன்தான் நெரப்பிக் குடுத்தான். காலண்டர் தாள், வாட்ஸ்அப் மெசேஜ், அந்தக் கம்பி சுத்துன ஃபியூஸ், ரப்பர் பேண்டு, எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஃபியூஸ ஒரு மருந்து டப்பாவுல போட்டு மூடி வச்சிருக்கேன், கூப்புடுற அன்னிக்கு மேசை மேல வைக்கணும். இதே மாதிரி அந்தப் பக்கம் யாருக்காவது நடந்திருந்தா எனக்குத் தனியா எழுதுங்க, சேந்து போலாம்.

கேசட்ட மாமா பென்சில வச்சுச் சுத்தி உள்ள ஏத்திட்டாரு. ஒரு சாண் அளவுக்கு நாடா கசங்கியிருக்கு, அந்த எடத்துல அம்மா குரல் ஒரு தடவ உள்ள போயி வெளிய வருது. இனிமே இத சும்மா ஓட்டாதீங்க, மொதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்தி வைங்கனு சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கெழம மகன் வயரு வாங்கிட்டு வரான். அப்பா கேசட்ட அவர் தலையணைக்குப் பக்கத்துல வச்சிருக்காரு, அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாதாம்.