நட்பு நிலையம்: சேவை நல்லது, பஸ் காசுதான் இடிக்கிறது

வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசனை தர, இலங்கை அரச ஆஸ்பத்திரிகளில் இயங்கும் நட்பு நிலையத்துக்குக் கட்டணமில்லை. காயத்துக்கு மருந்து கட்டிய கையோடு, தனியறையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசலாம். வீட்டில் கேட்டால் ‘கிளினிக்குக்குப் போனேன்’ என்றால் போதும். அடி வாங்கும் பெண்ணுக்கு அது பெரிய பாதுகாப்பு.

ஆனால் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) இறங்கி வந்துபோனால் பஸ் காசோடு அன்றைய பேரும் (நாள் சம்பளம்) போய்விடும். நிதி கொடுப்பவர்கள் பட்டறைக்கும் பதாகைக்கும் ஒதுக்குவதைக் குறைத்து, பயணச் செலவுக்கும் தமிழ் பேசும் ஆலோசகரின் சம்பளத்துக்கும் கொடுக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் தரும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நீளலாம். 6 மாதத்துக்கு மட்டும் நிதி தரும் திட்டம் அந்தப் பெண்ணைப் பாதியிலேயே கைவிட்டுவிடும்.

போகுமுன் பெண்களுக்கான உதவி எண் 1938க்கு அழைத்து விசாரியுங்கள். அடையாள அட்டையையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.