எல்லையோரத்தில் பழைய சொகுசு கார்: 520டி, இ250, கேம்ரி

கேரளப் பக்கமுள்ள எல்லையூரான கொழிஞ்சாம்பாறையில் குடியிருப்பவருக்குப் பாலக்காடு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம் பொள்ளாச்சியும் என்பதால், பழைய சொகுசு கார் தேடும்போது இரண்டு மாநிலச் சந்தையிலும் பேரம் பேச முடிகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியைக் கேரளத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. பழைய ஆர்டிஓவில் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி, கேரள வரியைக் கட்டி, டிஎன்-41 என்ற பலகை கேஎல்-70 ஆக மாறுவதற்குள் பேரத்தில் குறைத்த தொகை பெரும்பாலும் கரைந்துவிடும். என் முதல் காரை வாங்கியபோது இந்தக் கணக்கைப் போடாமல் விட்டவன் நான்.

ஓட்டுவதற்காகவே வாங்குபவர்கள் பிஎம்டபிள்யூ 520டியை விட்டுக்கொடுப்பதில்லை. எஃப்10 என்ற குறியீடு கொண்ட தலைமுறையின் 184 குதிரைத்திறன் டீசல் இன்ஜினும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் வாளையாறு நான்குவழிச் சாலையில் தரும் சுகத்தை மற்ற இரண்டும் தருவதில்லை என்பது என் அனுபவமும்கூட. ஆனால் என்47 என்ற அதன் ஆரம்பகால இன்ஜினில், வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், அதாவது இன்ஜினுக்குப் பின்புறம் இருக்கிறது. அதை மாற்ற இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டியிருப்பதால், காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, பின்பக்கமிருந்து உரசும் சத்தம் வருகிறதா என்று காது கொடுக்காமல் முன்பணம் தரக்கூடாது. ரன்ஃபிளாட் டயரோ பஞ்சரானாலும் சிறிது தூரம் ஓடும். ஆனால் ஸ்டெப்னி இல்லாமல் இரவில் வேலந்தாவளத்தில் நின்றால், அந்தத் தடித்த பக்கச்சுவரைக் கழற்ற ஒப்புக்கொள்ளும் கடையைத் தேடிக் கோயம்புத்தூர் வரை போகவேண்டி வரலாம்.

பொள்ளாச்சியில் இருக்கும் என் மச்சான் மெர்சிடிஸ் இ250 சிடிஐ வைத்திருக்கிறார். 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று ஏட்டில் முந்தும் இந்த வண்டி, கையில் சற்று மந்தமாகத்தான் திரும்புகிறது. அவருக்கு அது குறையே அல்ல, பின்னால் அமர்ந்து வரும் அத்தைக்கு இடுப்பு வலிக்கவில்லை என்பதே அவருடைய மதிப்பீடு. குண்டும் குழியுமான தோப்புப் பாதையில் அவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். தொடக்க ஆண்டுகளில், டீசலைத் தெளிக்கும் பீசோ வகை இன்ஜெக்டர்கள் பழுதானதால் பின்னர் வேறு வகை பொருத்தப்பட்டது. மாற்றியதற்கான ரசீது இருந்தால் நிம்மதி.

மூன்றாவது, தேங்காய் மண்டி நண்பரின் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட். சொகுசு என்ற சொல்லுக்கே இது தகுதியா என்று முதல் இரண்டு கார்களை வைத்திருப்பவர்களும் சிரிப்பார்கள். ஆனால் டர்போ இல்லாத 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் நிக்கல் பேட்டரியும் அவருக்குக் கொடுப்பது, ஊரிலிருந்து கிளம்பினால் திரும்பி வந்துவிடுவோம் என்ற உறுதி. பின் இருக்கை அருகே பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அங்கே படியும் புழுதியையும் நார்த்தூளையும் பழைய பெயின்ட் பிரஷால் அவரே தட்டிவிடுகிறார். பேட்டரி டிக்கியின் இடத்தைத் தின்றுவிடுவதில் மட்டும் அவருக்கு வருத்தம்.

டிஎஸ்ஜி என்ற உலர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட ஸ்கோடா சூப்பர்ப் 1.8 விலையில் மயக்கும். அந்த கியர்பாக்ஸின் பெயரைக் கேட்டாலே எங்கள் மெக்கானிக் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்.

எதுவானாலும் 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். ஒரு விற்பனையாளரிடம், பளபளவென்று நின்ற ஒரு செடானின் பின் சீட்பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தேன். கடைசி ஒரு சாண் நாடாவில் காய்ந்த சேறு கோடாகப் படிந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் நாடாவை மெதுவாக உள்ளே விட்டார்.

மூன்றில் ஒன்றை இன்று வாங்கச் சொன்னால், மறுபதிவுச் செலவு இல்லாத, கேஎல்-70 எண்ணிலேயே கிடைக்கும் கேம்ரியைத்தான் எடுப்பேன். வாளையாறு சாலையில் ஓட்டுவதற்கு 520டி வைத்திருக்கும் யாருடனாவது ஞாயிற்றுக்கிழமை வண்டியை மாற்றிக்கொள்ளலாம்.