‘டபுள் டார்க்’, ‘சூப்பர் வெய்ல்’, ‘ப்ளூ கேரியர்’ என்று எழுதி விற்கப்படும் ஏஞ்சல் மீன்கள்: வாங்கும் முன் படியுங்கள்

ஏஞ்சல் மீன் இனப்பெருக்கம் செய்கிறவர்களுக்கும், செய்யலாம் என்று நல்ல ஜோடி தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. சாதாரணக் கறுப்பு ஏஞ்சலை ஜீன் பெயர் போட்டுப் பல மடங்கு விலைக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். லேபிளில் மூன்று விஷயங்கள் எழுதியிருந்தது. மூன்றுமே பொய். விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. இந்த வேலையை அவர் ஒருவர் மட்டும் செய்யவில்லை என்பதால், ஆளைத் தெரிந்துகொள்வதைவிட இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நான் வாங்கியது குட்டிகள். ‘பிளாக், டபுள் டார்க், சூப்பர் வெய்ல், ப்ளூ கேரியர்’ என்று எழுதிக் கொடுத்தார். இந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்பது தெரிந்தால்தான் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று புரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 1980-களில் அமெரிக்காவில் ஜோஆன் நார்டன் என்பவர் ஏஞ்சல் மீன்களைக் கலப்பு செய்து பார்த்து எழுதிய கட்டுரைகளிலிருந்தே இந்த ஜீன் பெயர்கள் வளர்ப்பவர்களிடையே பரவலாகின. அந்த ஒழுங்கு நமக்குக் கிடைத்த பெரிய சொத்து. அதை விளம்பர வாசகமாக்கிவிட்டார்களே என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு அதிக வருத்தம்.

ஒவ்வொரு ஜீனும் மீனுக்குள் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. டார்க், கோல்டு, மார்பிள், கோல்டு மார்பிள் எல்லாம் ஒரே இடத்தில் உட்காருகிற ஜீன்கள். ஆகவே ஒரு மீனுக்குள் இவற்றில் இரண்டுதான் இருக்க முடியும். இரண்டும் டார்க் என்றால் மீன் முழுக் கறுப்பு, இதுதான் டபுள் டார்க். ஒன்று டார்க், மற்றது காட்டு இனத்துடையது என்றால் பிளாக் லேஸ், அதாவது வரிகள் தெரிகிற கருமையான மீன். ஒன்று டார்க், மற்றது கோல்டு என்றால்? அதுவும் கறுப்புதான். வியாபாரிகளுக்கு வசதியான இடம் இதுதான். டார்க்/டார்க் மீனையும் டார்க்/கோல்டு மீனையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் கண்ணால் பார்த்து உறுதியாகப் பிரிக்க முடியாது. குட்டியிலே கேட்கவே வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டார்க்/கோல்டு மட்டமான மீன் இல்லை. சொல்லப்போனால் அதுதான் திடமான மீன். இரட்டை டார்க் குஞ்சுகள் மெதுவாக வளரும், நிறையச் சாகும், வளர்த்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இரட்டை டார்க் மீனை கோல்டு மீனோடு சேர்ப்பார்கள். வருகிற குஞ்சுகள் எல்லாமே டார்க்/கோல்டு, எல்லாமே கறுப்பு, எல்லாமே தெம்பானவை. என் திட்டமும் அதுதான். என்னிடம் நன்றாக வளர்ந்த கோல்டு பெண் மீன் இருந்தது. அதற்கு இரட்டை டார்க் ஆண் ஒன்று கிடைத்தால் போதும். அதற்காகத்தான் கேட்ட விலையைக் கொடுத்தேன்.

வெய்ல் கதையும் இப்படித்தான். வெய்ல் ஜீன் ஒன்று இருந்தாலே துடுப்பும் வாலும் நீளும். இரண்டு இருந்தால் சூப்பர் வெய்ல். துடுப்பு மிக நீளமாகி, ஓரம் பிய்ந்து, சிலவற்றில் வளைந்துகூடப் போகும். அழகுக்காக நான் கேட்கவில்லை. இரண்டு பிரதி இருக்கிற மீனைச் சாதாரணத் துடுப்புள்ள மீனோடு சேர்த்தால் ஒரு குஞ்சுகூட விடாமல் எல்லாமே வெய்லாக வரும், அதற்காகக் கேட்டேன். வாங்கும்போது துடுப்பு அவ்வளவு நீளமாக இல்லையே என்று சொன்னதற்கு, “இன்னும் சின்னது ப்ரோ, வளர வளர பாருங்க” என்றார். வளர்ந்த பிறகும் அது சாதாரண வெய்ல் அளவைத் தாண்டவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் துடுப்பை அளந்து யாரிடமும் சண்டை போட முடியாது. குஞ்சுதான் சாட்சி.

ஏஞ்சல் மீன் முட்டை போடுகிற பருவத்துக்கு வர எட்டு முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். இதையும் விற்பவர் நன்றாகவே அறிவார். உண்மை வெளியே வருவதற்குள் கிட்டத்தட்ட ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு வருடத் தீனி, தண்ணீர் மாற்றுகிற உழைப்பு, தொட்டியில் இடம் எல்லாம் நம்முடையது.

அந்தக் குட்டிகளில் ஒன்று ஆணாக வளர்ந்து என் கோல்டு பெண்ணோடு ஜோடி சேர்ந்தது. அந்தத் தொட்டியில் வேறு மீன் எதுவும் இல்லை. முட்டை பொரிந்து, குஞ்சுகள் நீந்தி, உடம்பு ஏஞ்சல் வடிவத்துக்கு வந்து, துடுப்பு வித்தியாசம் தெளிவாகத் தெரிகிற வரை காத்திருந்தேன். அப்புறம் ஒரு வெள்ளை டப்பில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விட்டுப் பிரித்தேன். வெள்ளை அடிப்புறம் இருந்தால் நிறம் ஏமாற்றாது. கறுப்பு ஒரு பக்கம், வெளிர் மஞ்சள் ஒரு பக்கம். பிறகு ஒவ்வொன்றிலும் நீளத் துடுப்பு தனியாக, குட்டைத் துடுப்பு தனியாக. கடைசியில் நான்கு வாளிகள்: கறுப்பு வெய்ல், கறுப்பு சாதாரணம், கோல்டு வெய்ல், கோல்டு சாதாரணம். நான்கிலும் கிட்டத்தட்ட சம எண்ணிக்கை.

இதில் விவாதிக்க ஒன்றுமே இல்லை. லேபிள் உண்மையாக இருந்திருந்தால் நிரம்பியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாளி: கறுப்பு வெய்ல். பாதி கோல்டு வந்தது என்றால் தகப்பனுக்குள் ஒரு கோல்டு ஜீன் இருக்கிறது. பாதி குட்டைத் துடுப்பு வந்தது என்றால் வெய்ல் ஒரு பிரதிதான் இருக்கிறது. இரண்டு ஜீனும் தனித்தனியாகக் கடத்தப்படுவதால்தான் நான்கு வாளியும் சமமாக நிறைந்தன.

படம் எடுத்து அனுப்பினேன். முதலில் வந்த பதில், “மியூட்டேஷன் ஆகியிருக்கும் ப்ரோ.” மியூட்டேஷன் அபூர்வமாக ஏதோ ஒரு குஞ்சில் நடக்கலாம். ஒரே ஈட்டில் சரிபாதிக் குஞ்சுகளுக்கு ஒரே மாதிரி நடக்காது. அதைச் சொன்னதும், “உங்க பெண் மீன்லதான் ப்ராப்ளம்” என்றார். இதைக் கேட்டுப் பலர் அடங்கிவிடுவார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். கோல்டு தாய் கொடுக்கிறது கோல்டு ஜீன் மட்டும்தான், அவளிடம் வேறு இல்லை. தகப்பனிடம் இரண்டுமே டார்க் என்றால் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு டார்க் கட்டாயம் கிடைக்கும், கிடைத்தால் குஞ்சு கறுப்பு. தாயால் அதை அழிக்க முடியாது. தாய் மீது பழி போட இடமே இல்லாத கலப்பு இது. கடைசியாகத் தண்ணீரையும் தீனியையும் இழுத்தார். ஹாஃப் பிளாக் என்ற வகையில் வளர்ப்புச் சூழல் சரியில்லை என்றால் கறுப்பு சரியாக வராது என்பது உண்மைதான். அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டுகிறார். தண்ணீர் மாறினால் டார்க் மீன் கோல்டு மீனாகாது.

அடுத்து ப்ளூ. லேபிளில் ப்ளூ என்று எழுதுவது பிலிப்பைன் ப்ளூ என்ற ஜீனை. அது ஒடுங்கிய ஜீன், அதாவது இரண்டு பிரதி இருந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் மீன் சாதாரணமாகவே இருக்கும். அதைத்தான் கேரியர் என்கிறோம். கோல்டும் இரண்டு பிரதி, ப்ளூவும் இரண்டு பிரதி சேர்ந்தால் வருவதுதான் பிளாட்டினம். நண்பர் ஒருவரிடம் பிளாட்டினம் பெண் மீன் இருந்தது. அதையும் இந்த ஆணையும் சேர்த்தோம். ஆண் கேரியராக இருந்தால் குஞ்சுகளில் பாதிக்கு ப்ளூ இரண்டு பிரதி வரவேண்டும். ஆணிடம் கோல்டும் இருப்பது தெரிந்துவிட்டதால், கோல்டாக வருகிற குஞ்சுகளில் பாதி வெள்ளையாக, நீலப் பளபளப்போடு பிளாட்டினமாக இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. கோல்டு குஞ்சுகள் அத்தனையும் வளர வளர மஞ்சள் ஏறிக்கொண்டே போயின.

தற்செயலாக அப்படி ஆகக்கூடாதா என்று கேட்கலாம். வெறும் பத்துக் கோல்டு குஞ்சு இருந்து அதில் ஒன்றுகூடப் பிளாட்டினம் ஆகாமல் போவதற்கு 1024-ல் ஒரு வாய்ப்பு. எங்களிடம் இருந்தது பத்தைவிட எவ்வளவோ அதிகம்.

கேரியர் என்ற சொல்லில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு கேரியர்களைச் சேர்த்தால் நான்கில் ஒன்று ப்ளூ. மிச்சம் மூன்றில் சராசரியாக இரண்டு கேரியர், ஒன்றுக்கு ப்ளூ ஜீனே கிடையாது. பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். ப்ளூ வந்த ஈட்டில் மிஞ்சிய மீன்கள் எல்லாவற்றின் மேலும் ‘கேரியர்’ என்று எழுதி விற்றுவிடுகிறார்கள். நேர்மையான ஆள் ‘கேரியராக இருக்கலாம்’ என்று எழுதுவார், அதற்கேற்ற விலை சொல்வார். பெற்றோரில் ஒன்று ப்ளூ அல்லது பிளாட்டினம் என்றால் கதை வேறு. அதன் குஞ்சுகள் அத்தனையும் நிச்சயம் கேரியர். நண்பரின் பிளாட்டினம் பெண் போட்ட குஞ்சுகள் இப்போது அப்படித்தான் இருக்கின்றன. அந்த ப்ளூ தாயிடமிருந்து வந்தது, விற்றவரின் மீன் அதில் எதுவும் சேர்க்கவில்லை.

ஆகவே வாங்கும் முன் பெற்றோர் இரண்டையும் பார்க்கக் கேளுங்கள். ஒரே தொட்டியில், முட்டையோடோ குஞ்சுகளோடோ எடுத்த வீடியோவாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், முந்தைய ஈட்டின் எல்லாக் குஞ்சுகளையும் காட்டச் சொல்லுங்கள். பொறுக்கி எடுத்த நாலு அழகான மீனின் படம் எதையும் நிரூபிக்காது. இரட்டை டார்க் என்கிறவரிடம், கோல்டு மீனோடு சேர்த்துப் பார்த்தீர்களா, என்ன வந்தது என்று கேளுங்கள். உண்மையில் செய்து பார்த்தவர் உடனே பதில் சொல்வார். செய்யாதவர் பேச்சை மாற்றுவார். தவறாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் புகார் சொன்ன பிறகு அவர் கொடுக்க முன்வந்தது அதே ஈட்டில் வந்த இன்னொரு மீனை. நான் வேண்டாம் என்றுவிட்டேன். பணம் திரும்ப வரவில்லை.

கண்ணால் பார்த்தே பிடிக்கக்கூடிய ஏமாற்றுகளும் இருக்கின்றன. அல்பினோவைப் பிளாட்டினம் என்று விற்பது ஒன்று. கண்ணைப் பாருங்கள்: பிளாட்டினத்துக்குக் கண் கறுப்பு, அல்பினோவுக்கு இளஞ்சிவப்பு. இன்னொன்று கோய் என்ற வகை. கோல்டு மார்பிளோடு, வரிகளை இல்லாமல் செய்கிற ஸ்ட்ரைப்லெஸ் ஜீன் இரண்டு பிரதி சேர்ந்தால்தான் அது கோய். குட்டிப் பருவத்தில் செவுள் மூடி கண்ணாடி மாதிரி இருந்து கன்னம் சிவப்பாகத் தெரியும். கன்னம் சிவக்காத, தலையில் கொஞ்சம் ஆரஞ்சு உள்ள கோல்டு மார்பிளையும் கோய் என்று தள்ளிவிடுகிறார்கள். லெப்பர்டு என்ற புள்ளி போட்ட வகை விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். ஸ்மோக்கி, ஸீப்ரா என்ற இரண்டு ஜீன்களும் சேர்ந்த அந்த மீனில் குட்டியில் இருக்கிற புள்ளிகள் வளர்ந்த பிறகு கலங்கிப்போவது இயல்பு. நல்ல ஆளிடம் வாங்கினாலும் அது நடக்கும்.

என் மீனோடு பிறந்த குட்டிகளை வேறு பலரும் அதே லேபிளோடு வாங்கியிருக்கிறார்கள். சிலர் அவற்றின் குஞ்சுகளை ‘டபுள் டார்க் லைன்’ என்று ஏற்கெனவே விற்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததை நம்புகிறார்கள். உங்களிடம் அப்படி ஒரு மீன் இருந்தால், விற்கும் முன் ஒரு முறை கோல்டு மீனோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு கோல்டு குஞ்சு வந்தாலும் அது டார்க்/கோல்டு மீன்தான். அப்படியே எழுதி விற்றுவிடுங்கள், வாங்க ஆள் இருக்கிறார்கள். முடிவு என்ன வந்தாலும் கறுப்பு எத்தனை, கோல்டு எத்தனை, வெய்ல் எத்தனை என்று எனக்கு அனுப்புங்கள். அந்த ஈட்டின் பெற்றோர் உண்மையில் என்ன மீன்கள் என்று சேர்ந்து கண்டுபிடித்துவிடலாம்.