4,60,000 ரேண்ட் போச்சு, பழைய ஆடி குவாட்ரோ தேடுறவங்க படிங்க

இப்பவும் கை நடுங்குது. போன சனிக்கிழமைதான் விஷயமே தெரிஞ்சுது. தென்னாப்பிரிக்கா டர்பன்ல வெளிநாட்டுப் பழைய கார் வாங்கி விக்கிற ஒரு ஷோரூம், கேஸ் குடுக்கப் போறதால பேர் போடல, 1983 ஆடி குவாட்ரோன்னு, அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போற ராலி வண்டின்னு சொல்லி ஒரு வண்டிய என் தலையில கட்டிட்டாங்க, 4,60,000 ரேண்ட்.

சின்ன வயசுல நம்ம ஊர் ராலி டிரைவர் சாரெல் வான் டெர் மெர்வே அந்த வண்டிய ராலில ஓட்டுறத டிவில பார்த்து வளர்ந்தவன் நான். 1980ல இருந்து 1991 வரைக்கும் மொத்தமே 11,452தான் செஞ்சாங்க, அதுல வலது பக்கம் ஸ்டீயரிங் வச்சது இன்னும் கம்மி, அந்த ஆசைதான் கண்ண மறைச்சிடுச்சு. ஸ்டார்ட் பண்ணினான், அஞ்சு சிலிண்டர் சத்தம் அப்படியே. ஓட்டியும் பார்த்தேன், காஞ்ச தார் ரோட்டுல என்ன தெரியும்? விக்கிறவன் டர்பன் சாட்ஸ்வொர்த் ஏரியா பையன், "அண்ணே, உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்"னு தமிழ்ல பேசுறான், காவடிக்கு எங்க கோயிலுக்குத்தான் வருவானாம், அதுலதான் விழுந்துட்டேன். 6,20,000 பெறும்னு வேல்யூவேஷன் பேப்பர் வேற குடுத்தான். வண்டியப் பார்க்காமலே போட்டோவ வச்சு எழுதினதாம் அது.

மாரிட்ஸ்பர்க்ல தெரிஞ்ச மெக்கானிக் லிஃப்ட்ல ஏத்தினார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, டார்ச்ச என் கையில குடுத்து "நீங்களே பாருங்க தம்பி"ன்னார். பின்சக்கரத்துக்கு சக்தியப் பிரிச்சுக் குடுக்கிற டிஃப்ரென்ஷியலே இல்ல! சக்திய முன்னால இருந்து பின்னால கொண்டு போற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்ல, முன்சக்கர டிரைவ் வண்டியில வர்ற வெறும் பீம் ஆக்ஸில். முன்சக்கரம் மட்டும் இழுக்கிற சாதா ஆடி கூபே ஜிடி, அதுல ஏதோ பழைய செடானோட டர்போ எஞ்சின். சக்கரத்துக்கு மேல உப்பின வளைவு ஒரிஜினல்ல இரும்பு, இதுல காந்தத்த வச்சார், பொத்துன்னு கீழ விழுந்துச்சு, ஃபைபர். டிஃப் லாக் பட்டன இழுத்தா கையோட வருது, அதுக்குப் பின்னால ஒரு பைப்பும் கிடையாது.

போன் பண்ணினேன். மொத நாள் "அப்படியா அண்ணே, பார்க்கலாம்". மறுநாள் முதலாளி ஊர்ல இல்ல. அப்புறம் வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும். நேர்ல போனா "ஃபுட்ஸ்டூட்ஸ்னு கையெழுத்துப் போட்டீங்களே, இருக்கிறபடி வாங்கினதுதானே"ங்கிறான். கடை வித்த பொருள் பழுதுன்னா 6 மாசத்துக்குள்ள திருப்பிக் குடுக்க நுகர்வோர் சட்டத்துல இடம் இருக்கேன்னு கேட்டேன், அப்பத்தான் ரசீதக் காட்டுறான், அவன் மச்சான் பேர்ல இருக்கு, தனியாள் வித்ததாம், கடைக்கு சம்பந்தமே இல்லையாம். 4,60,000 ரேண்ட், வீட்டு பாண்ட்ல (வீட்டுக் கடன்ல) இருந்து எடுத்த காசு, வீட்டுக்காரி என் முகத்தப் பார்த்தே பேச மாட்டேங்குறா.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. லிஃப்ட்ல ஏத்தாம ஒரு ரேண்ட் குடுக்காதீங்க. காந்தம் கொண்டு போங்க. சேசிஸ் நம்பரும் ஐடாக் (இறக்குமதிக்கு அனுமதி குடுக்கிற அரசு ஆணையம்) பெர்மிட்டும் பணத்துக்கு முன்னாடி கேளுங்க, "அப்புறம் தர்றேன்"னா எழுந்து வந்துடுங்க. மதிப்புப் போடுற ஆள நீங்களே பிடிங்க. ரசீதுல யார் பேருன்னு பாருங்க.

திங்கக்கிழமை வக்கீலப் பார்க்கிறேன். அதே கடையில இப்ப இன்னொரு வெள்ளை குவாட்ரோ நிக்குதுன்னு மெக்கானிக் சொல்றார், யாராவது அட்வான்ஸ் குடுத்திருந்தா இன்னைக்கே எனக்கு மெசேஜ் போடுங்க.