ரீகான் மக்கானில் ஆல் சீசன் டயர்: 26 மாதம் ஓட்டிய பிறகு

போன வாரம் கிள்ளானிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். இங்கிலாந்திலிருந்து வந்த ரீகான் போர்ஷே மக்கான், அதாவது அங்கே ஓடிவிட்டு இங்கே இறக்குமதியான பழைய கார், எடுத்திருக்கிறார். நான்கு சக்கரத்திலும் பனிக்கால டயர், பூ (தரையைத் தொடும் வரிகளின் ஆழம்) இன்னும் 6 மில்லிமீட்டர் இருக்கிறதாம். "அண்ணே, இவ்வளவு பூ இருக்கிற டயரைக் கழற்றுவது வீண்தானே? கழற்றித்தான் ஆகணும்னா ஆல் சீசன் போடலாமா?" என்று கேட்டார். போனில் சொன்னது பாதிதான். இதே மாதிரிக் காரை ஆல் சீசன் டயரில் 31,000 கிலோமீட்டர் ஓட்டியவன் என்பதால் மீதியை எழுதுகிறேன்.

என் காரும் ரீகான்தான். 20 அங்குல ரிம், டயர் அளவு முன்னால் 265/45, பின்னால் 295/40. வந்தபோது டயர் தேய்ந்திருந்தது. கடைக்காரர், "நம்ம ஊர் மழைக்கு ஆல் சீசன்தான் சரி" என்றார். எல்லாப் பருவத்துக்கும் என்றால் நம் வெயிலும் மழையும் அதில் அடக்கம்தானே என்று நானும் நம்பிவிட்டேன். ஆனால் அந்தப் பெயரை வைத்த ஊர்களில் பருவம் என்பதே வேறு. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துவிடும். அதனால்தான் பனிக்கால டயரை இளக்கமான ரப்பரில் செய்து, பனியைக் கவ்வுவதற்குப் பூவில் மெல்லிய கீறல்களை நெருக்கமாகப் போடுகிறார்கள். ஆல் சீசன் அதற்கும் கோடை டயருக்கும் நடுவில் நிற்கிறது. பக்கவாட்டில் மூன்று முகட்டு மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருந்தால் அது பனிச் சோதனையில் தேறிய டயர். என் டயரில் அந்தக் குறி இருந்தது. கோலாலம்பூரில் விடியற்காலையிலேயே 24 டிகிரி, மதியம் 33. கெந்திங் உச்சிக்குப் போனாலும் 7 டிகிரி கிடையாது. நான் காசு கொடுத்து வாங்கிய வேலையில் பாதியை அந்த டயர் ஒரு நாளும் செய்யவே இல்லை.

சரி, முதல் எட்டு மாதம் குறை சொல்ல எதுவும் இல்லை. செந்தூல் பக்கத்துக் குழிகளை மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது. அம்மாவுக்கு முதுகு வலி உண்டு. "இந்தக் கார்லதான்டா அலுங்காம வர முடியுது" என்பார். அதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கும்.

அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது. 70 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகத் தொடங்கும். 90-இல் போத்தலுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஊம் என்று நிற்கும். 110-இல் காற்றுச் சத்தத்தோடு கலந்துவிடும். பேரிங் போய்விட்டது என்றே நினைத்தேன். ஃபோர்மேன் காரைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேரிங்கில் ஒன்றுமில்லை என்றார். என் கையைப் பிடித்துப் பின் டயரின் உள்பக்கத்தில் வைத்தார். ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பு, எதிர்த்திசையில் தடவினால் ரம்பப் பல். பூவின் ஒவ்வொரு கட்டையும் ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருந்தது. முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் இடம் மாற்றிப் போட்டுச் சமன் செய்யவும் வழியில்லை. இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தும் சத்தம் போகவில்லை. ஈப்போவுக்குப் போய்த் திரும்ப 400 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் வண்டு கூடவே வரும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் கேட்கும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காரில் ஏறவே சலிப்பாகிவிட்டது.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெந்தோங்கில் டுரியான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய ஒரு மாலை, காரக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா தாண்டிக் கோம்பாக் நோக்கி இறங்கும் வளைவுகளில் மழை கொட்டியது. முன்னால் போன லோரி சட்டென்று வேகம் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் துடிக்கிறது, கார் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. நின்றபோது லோரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கார் நுழைய இடமில்லை. பின் இருக்கையில் அம்மா. டயரில் அப்போதும் 4 மில்லிமீட்டர் பூ இருந்தது. சட்டம் கேட்பது 1.6தான். இதே டயர் புதிதாக இருந்தபோது மழையில் நன்றாகவே நின்றது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மாலைக்குப் பிறகு என்னால் அதை நம்ப முடியவில்லை.

மறுவாரமே கழற்றினேன். போர்ஷேவுக்கென்று ஒப்புதல் பெற்ற 'என்' குறி போட்ட கோடை டயர், நான்கும் சேர்த்து 5,600 வெள்ளி. ஆல் சீசனைவிட 1,400 அதிகம். கோடை டயர் என்பது அவர்கள் வைத்த பெயர், நமக்கு அதுதான் ஆண்டு முழுவதற்குமான டயர். கடையிலிருந்து டூத்தா-உலு கிள்ளான் நெடுஞ்சாலையில் ஏறி 90-ஐத் தொட்டேன். வண்டு இல்லை. ரேடியோவை அணைத்துவிட்டு அந்த அமைதியை வீடு வரை கேட்டுக்கொண்டே வந்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு திரும்புகிறது. முன்பு அரை நொடி யோசித்துவிட்டுத் திரும்பும்.

ஆனால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. குழிகளில் இப்போது அடி நேராக முதுகில் இறங்குகிறது. "பழைய டயரே நல்லா இருந்துச்சு" என்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. சொகுசு, விலை இரண்டிலும் ஆல் சீசன்தான் மேல். பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டும் போய் வரும் காருக்கு அதுவே போதும் என்று வாதாடினால் என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் நான் இன்னொரு முறை வாங்க மாட்டேன்.

தம்பிக்கு இதுதான்: பூ எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதீர்கள், பக்கவாட்டில் டயரின் வயதைச் சொல்லும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆல் சீசனிலேயே நான் இவ்வளவு பட்டேன். உங்களுடையது முழுப் பனிக்கால டயர், நம் தார்ச்சாலைச் சூட்டில் அந்த ரப்பர் இன்னும் குழையும், பிரேக் தூரம் இன்னும் நீளும். அந்த டயரோடு காரக் பக்கம் போகவே வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடைக்கு வாருங்கள், நானும் வருகிறேன். மழை பிடிப்பதற்குள் நான்கையும் மாற்றிவிடலாம்.